1912-ல் கட்டிய மிராசு வீடு பாரம்பரிய விடுதியாகிறது: தளம், ஓதம் (சுவர் ஈரம்), குளியலறை - எங்கே தொடங்குவது?

அரசலாற்றங்கரை:

வணக்கம். கும்பகோணத்துக்கும் காரைக்காலுக்கும் நடுவில், அரசலாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் இருக்கும் குடும்ப வீடு இது. 1912 வாக்கில் கட்டியது. முன்கட்டு அந்தக் காலத்துக் கலெக்டர் பங்களா சாயல்: வட்டத் தூண் வைத்த வராந்தா, மேலே ஒரு மாடி, இரண்டுக்கும் மெட்ராஸ் டெரஸ் தளம் (மரக்கட்டைகளின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் இட்டது). அதைத் தாண்டினால் ரேழி (நடை), கூடம், மித்தம் (முற்றம்), தாழ்வாரம் என்று நம் ஊர் வீடு. மேலே நாட்டு ஓடு. இரண்டாம் கட்டில் சமையல்கட்டும் நெல் பத்தாயம் இருந்த இரண்டு அறைகளும். பிறகு கொல்லை, கிணறு. அகலம் 38 அடி, நீளம் 160 அடி.

இதை ஏழு அறை உள்ள பாரம்பரிய விடுதியாக ஆக்குவது என்று குடும்பத்தில் முடிவாகியிருக்கிறது. வீட்டின் இப்போதைய நிலை:

மாடித் தளத்தில் இரண்டு இடத்தில் அடிச்செங்கல் உதிர்ந்து கட்டை தெரிகிறது. மழை விட்டு மூன்று நாள் ஆனாலும் அங்கே ஈரம் காய்வதில்லை. கூடத்துச் சுவரில் 1990-களில் நான்கு அடி உயரத்துக்கு சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அதற்கு மேலே ஓர் அடிக்கு உப்பு பூத்து, பழைய சுண்ணாம்பு பொடியாக உதிர்கிறது. சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, ரேழித் தரையைவிட 7 அங்குலம் மேலே நிற்கிறது. கிணற்றில் பங்குனியில் 18 அடியில் தண்ணீர். கார்த்திகையில் 4 அடியில்.

தளத்தை இடித்துக் கான்கிரீட் போடலாம், சுவர் முழுக்க நீர்புகா சிமெண்ட் பூசலாம், ஏழு அறைக்கும் உள்ளேயே குளியலறை கட்டலாம் என்று ஓர் ஒப்பந்தக்காரர் சொல்கிறார். எதை முதலில் தொடுவது, எதைத் தொடவே கூடாது? விவரம் தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

கொல்லைவடிகால்:

முதலில் தண்ணீர். தளமும் பூச்சும் அப்புறம். கிணற்றளவை இரண்டு பருவத்திலும் எடுத்து வைத்திருக்கிறீர்கள் பாருங்கள், உங்கள் கேள்வியிலேயே மிக முக்கியமான விவரம் அதுதான். கார்த்திகையில் நாலு அடி என்றால் மழைக்காலத்தில் உங்கள் அஸ்திவாரம் தண்ணீரில் நிற்கிறது என்று அர்த்தம். 1912-ல் கட்டிய வீட்டில் ஈரத்தடுப்புப் படலம் இருக்காது. அந்தச் சுவர் உறிஞ்சிய ஈரத்தைப் பக்கவாட்டில் வெளியே விட்டுத்தான் நூறு வருஷம் நின்றது. சிமெண்ட் பூசியதும் அந்த வழி அடைபட்டது. ஈரம் சிமெண்டுக்கு மேல் ஏறி, ஐந்தாவது அடியில் வெளியேறுகிறது. வெளியேறும் இடத்தில் உப்பை விட்டுவிட்டுப் போகிறது. இன்னும் நாலு அடிக்கு நீர்புகா பூச்சு பூசினால் உப்பு ஒன்பதாவது அடிக்குப் போகும். உத்திரத்தின் முனை அங்கேதான் சுவருக்குள் உட்கார்ந்திருக்கும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்பக்கம் கோத்தால் அறைக்காற்றின் ஈரம். காற்றோட்டம் கொடுத்தால் போதும்.

தெரு உயர்ந்தது இந்தப் பக்கம் எல்லா ஊரிலும் உள்ள கேடு. இதற்காக வீட்டுத் தரையை உயர்த்தாதீர்கள். நிலைக்கதவின் உயரம் குறையும், தூணின் கல்பாதம் புதையும், ஈரமும் அதே அளவு மேலே ஏறும். திண்ணைக்கு வெளியே தெருவோரமாக 9 அங்குல உயரத்தில் ஒரு தடுப்புப் படி, அதற்கு உட்புறம் மூடி போட்ட வாய்க்கால். பக்கச் சுவர்களை ஒட்டி இடம் இருந்தால், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, துளையிட்ட 4 அங்குலக் குழாயைச் சரளைக்கல்லுக்குள் போட்டு, கொல்லைப் பக்கம் சரிவாகக் கொண்டுபோங்கள். சுவரை ஒட்டியே தோண்டக் கூடாது. களிமண் பிடிப்பு விட்டு அஸ்திவாரம் இறங்கும்.

அடுத்தது மித்தம். பழைய நாளில் மித்தத்து ஜலதாரை தெருப்பக்கம் போயிருக்கும். இப்போது தெரு மேலே, மித்தம் கீழே. பெருமழையில் தெருத் தண்ணீர் அதே குழாய் வழியாக வீட்டுக்குள் வரும். ஒரு கணக்கு பாருங்கள்: நாலு பக்கக் கூரையும் சேர்ந்து 1,000 சதுர அடி மித்தத்துக்குள் இறங்குகிறது என்றால், 10 செ.மீ. மழையில் அங்கே 9,300 லிட்டர் விழுகிறது. ஆகவே கொல்லைப் பக்கம் திருப்பிய 6 அங்குலக் குழாய், 20 அடிக்கு ஒரு சுத்தம் செய்யும் தொட்டி, குழாயின் வாயில், எடுத்துக் கழுவும்படி வார்ப்பிரும்புச் சல்லடை, எல்லாம் வேண்டும். தெருப்பக்க வாயை அடைத்துவிடுங்கள்.

கழிவுநீர்தான் டெல்டாவில் விடுதிகளைக் கவிழ்ப்பது. ஓட்டல் படுக்கை ஒன்றுக்கு நாளைக்கு 180 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். ஐந்து அறை, பத்துப் பேர் என்றாலே 1,800 லிட்டர். வேலையாட்களையும் சேர்த்தால் 2,000. உறிஞ்சுகுழி பங்குனியில் வேலை செய்யும். கார்த்திகையில் குழிக்குள் ஏற்கெனவே நிலத்தடி நீர் நிற்பதால் ஒரு சொட்டு இறங்காது, கழிப்பறை வழியாகத் திரும்பி வரும். விருந்தினர் அதிகம் வரும் மார்கழியும் அந்தச் சமயம்தான். செய்ய வேண்டியது: கசிவில்லாத 6,000 லிட்டர் செப்டிக் தொட்டி, அதிலிருந்து வரும் நீருக்குத் தரைக்கு மேலே கட்டிய சரளைப் பாத்தி, 250 முதல் 300 சதுர அடி, 2 அடி உயரம், கல்வாழை அல்லது கோரை நட்டது. தொட்டியிலிருந்து பாத்திக்கு ஒரு சிறு கழிவுநீர் மோட்டார். பாத்தியிலிருந்து வரும் நீர் தென்னைக்குப் போகட்டும். கிணற்றுக்கும் இவற்றுக்கும் குறைந்தது 50 அடி. சமையல்கட்டு நீரை எண்ணெய் தங்கும் தொட்டி வழியாக விட்ட பிறகே இதில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் சரளை அடைத்துக்கொள்ளும்.

தயார்நிலை ஃபைபர் தொட்டி இறக்கினால் அடியில் கான்கிரீட் தளம் போட்டு அதோடு பிணைத்துவிடுங்கள். காலியான 6,000 லிட்டர் தொட்டியைச் சுற்றி நிலத்தடி நீர் நிறைந்தால் கிட்டத்தட்ட 6 டன் மேல்நோக்கித் தள்ளும். குழாயை முறித்துக்கொண்டு மேலே வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் தொட்டியை முழுக்கக் காலி செய்யவே கூடாது.

குளியலறை பற்றி: மாடியில் வேண்டாம். மெட்ராஸ் டெரஸ் மேல் ஈரமான அறை வைத்தால் கசிவு வெளியே தெரியும்போது கட்டை உளுத்திருக்கும். கீழே, பத்தாய அறைகளும் கொல்லைத் தாழ்வாரமும் குளியலறைக்கு ஏற்றவை. கட்டும்போது பழைய சுவரில் ஒட்டாமல், 2 அங்குல இடைவெளி விட்டு எடையில்லாத பிளாக்கில் தனிச் சுவர் எழுப்பி, அறைக்குள் ஒரு பெட்டி போல வையுங்கள். இடைவெளியின் அடியிலும் மேலும் காற்றுத்துளை. ஓடு ஒட்டுவது, குழாய் பதிப்பது எல்லாம் அந்தப் புதுச் சுவரில்தான். பழைய தரையை வெட்டாமல், 6 அங்குலம் உயர்த்தி மேடை போட்டால் அதற்குள் 4 அங்குலக் குழாய் 40-க்கு 1 சரிவில் வசதியாகப் போகும். நாளைக்கு விடுதி வேண்டாம் என்றால் பெட்டியைக் கழற்றி எடுத்துவிடலாம், வீடு வீடாகவே இருக்கும். இந்தக் கணக்கில் உங்கள் வீடு ஐந்து அறைதான் தாங்கும் என்று நினைக்கிறேன், ஏழு அல்ல.

சுண்ணாம்புச்சாந்து:

மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். தளமும் பூச்சும் என் பங்கு.

தளத்தை இடிக்காதீர்கள். இரண்டு இடத்தில் செங்கல் உதிர்ந்ததற்காக முழுத் தளத்தையும் இடிப்பது பல்வலிக்குத் தாடையை எடுப்பது மாதிரி. கான்கிரீட் தளத்தின் கம்பியை நூறு வருஷச் சுண்ணாம்புச் சுவரில் உட்கார வைக்கச் சுற்றிலும் பீம் போட வேண்டும், அதற்குச் சுவரை வெட்ட வேண்டும், வெட்டினால் சுவர் அசையும். வேலை அங்கே நிற்காது.

முதலில் தளத்தின் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டைக்கு மேல் 3 அங்குலம் செங்கல், அதற்கு மேல் 3 முதல் 4 அங்குலம் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு, அதற்கு மேல் தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு). ஒரு சதுர மீட்டருக்கு 350 கிலோவுக்குக் குறையாது. கசிகிறது என்று இதன்மேல் இரண்டு அங்குலம் சிமெண்ட் போட்டால் இன்னும் 100 கிலோ ஏறுகிறது. கசிவு நிற்பதில்லை. சிமெண்ட் வெயிலில் வெடித்து, வெடிப்பில் இறங்கிய தண்ணீர் மேலே ஆவியாக முடியாமல் கீழே கட்டைக்குப் போகிறது. கருப்பு நிறத் தாரோ ரப்பர் பூச்சோ அடித்தாலும் கதை அதேதான். உங்கள் தளத்தில் யாராவது முன்பு அப்படிப் பூசியிருந்தால் அதை உளியால் பெயர்த்து எடுப்பதுதான் முதல் வேலை. அதிர்வு இயந்திரம் கூடாது, கையால்தான்.

பழுதான பகுதியைப் பிரிக்கும் முன், கீழே இருந்து முட்டுக் கொடுங்கள். பிரிக்கும் கட்டைக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு கட்டைகளுக்காவது முட்டு இருக்க வேண்டும். டெரஸ் செங்கல் ஒன்றையொன்று பிடித்து நிற்பது, ஓர் இடத்தில் விட்டால் பக்கத்து வரிசையும் தளரும். கட்டை இடைவெளி பொதுவாக ஒன்றரை அடி. டெரஸ் செங்கல் 6 × 3 × 1 அங்குலம். கட்டைக்குக் குறுக்காக, மூலைவாட்டில், செங்குத்தாக நிறுத்தி வைத்துச் சாந்தால் பிடிப்பிப்பார்கள். ஒரு மூலையில் தொடங்கி, வைத்த வரிசை பிடித்த பிறகு அதன்மேல் அடுத்த வரிசை. அடியில் பலகை தேவையில்லை, அதுதான் இந்த வேலையின் அழகு. சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, சுமார் 1,500 செங்கல் பிடிக்கும். சாதாரணச் செங்கலை வெட்டிப் போடாதீர்கள். எடை கூடும், சாந்து பிடிப்பும் சரிவராது. சூளையில் சொல்லி அறுக்க வையுங்கள்.

செங்கல் வரிசை ஒரு வாரம் காய்ந்த பின் ஜல்லி. நன்றாக வெந்த செங்கலில் முக்கால் முதல் ஓர் அங்குல ஜல்லி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறியது. ஊறாத ஜல்லி சாந்தின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சுண்ணாம்பு இறுகாது. இரண்டரை பங்கு ஜல்லிக்கு ஒரு பங்கு சுண்ணாம்புச் சாந்து. போட்டதும் கையளவு மரத்தட்டியால் வரிசையாக உட்கார்ந்து அடிக்க வேண்டும், கடுக்காய்-வெல்லத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே. குறைந்தது ஏழு நாள். எப்போது நிறுத்துவது என்றால், தட்டி தளத்தில் தடம் பதிக்காமல் துள்ளித் திரும்ப வேண்டும். சத்தமும் 'தொப்' என்பதிலிருந்து 'டண்' என்று மாறும். இரண்டு நாள் அடித்துவிட்டுப் போதும் என்று சொல்லும் ஆட்களிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள், தளம் கசிவதற்கு முக்கால்வாசிக் காரணம் அடி பற்றாததுதான். சரிவு 10 அடிக்கு 2 அங்குலம். அடித்து முடிந்த பின் பத்து நாள் ஈரச் சாக்கு. பிறகுதான் தட்டோடு.

கடுக்காய்த் தண்ணீருக்கு ஊருக்கு ஊர் அளவு மாறும். 100 லிட்டருக்கு 5 கிலோ நொறுக்கிய கடுக்காய், 5 கிலோ வெல்லம், பத்து நாளுக்கு மேல் ஊறல் என்பது நல்ல தொடக்கம். வடிகட்டாமல் ஊற்றாதீர்கள். வெளிப்பூச்சின் கடைசிக் கைக்கு இதைச் சேர்க்கவும் கூடாது. பழுப்புக் கறை நிற்கும், எத்தனை வெள்ளை அடித்தாலும் போகாது.

இனிப் பூச்சு. கூடத்து சிமெண்டை உளியால் எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரை நிர்வாணமாக விடுங்கள். உப்பு வெளியே வந்துகொண்டே இருக்கும். உலர்ந்த தூரிகையால் தட்டி, வாரி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். பழைய சுண்ணாம்புப் பூச்சை எல்லா இடத்திலும் உரிக்க வேண்டியதில்லை. விரல்முட்டியால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்கும் இடத்தை மட்டும் எடுங்கள். நூறு வருஷம் இறுகிய சுண்ணாம்புக்கு ஈடான புதுப் பூச்சு எந்தக் கொத்தனாராலும் போட முடியாது.

புதுப் பூச்சுக்குக் குழியில் ஒரு மாதமாவது நீறிய சுண்ணாம்பு. மூட்டையில் வரும் சுண்ணாம்புத் தூளை அன்றே குழைத்துப் பூசினால், உள்ளே நீறாமல் இருக்கும் துகள் பிறகு நீறி, பூச்சில் அம்மைத் தழும்பு மாதிரிப் பெயர்த்துக்கொண்டு வரும். முதல் கை: ஒரு பங்கு சுண்ணாம்பு, இரண்டு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு செங்கல் தூள், அரை அங்குலம். பத்து நாள் கழித்து இரண்டாம் கை கால் அங்குலம், மணல் சலித்தது. அதன்மேல் சுண்ணாம்பு வெண்ணெய்யும் மெல்லிய வெண்மணலும் தேய்த்துப் பளபளப்பு. ஒவ்வொரு கைக்கும் முன்னால் சுவரை நனைக்க வேண்டும்; பூசிய பின் ஒரு வாரம் புகைபோலத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஆடிக் காற்றில் பூசாதீர்கள். ஒரே நாளில் காய்ந்து மயிர்வெடிப்பு விழும். கடற்கரைப் பக்கத்து மணலும் வேண்டாம்; உப்பைக் காசு கொடுத்துச் சுவரில் ஏற்றுவதாகும்.

முடிவில் சுண்ணாம்பு வெள்ளைதான், பால் மாதிரி நீர்த்து நாலைந்து கை. எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் இவ்வளவும் வீண்.

குடந்தை மரப்பட்டறை:

கட்டையைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால்.

பர்மா தேக்கு என்றால் நடுவில் ஒன்றும் ஆகியிருக்காது. கெடுவது சுவருக்குள் இருக்கும் 9 அங்குல முனை. மெல்லிய திருப்புளியைச் சுவரை ஒட்டிக் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் முனை போய்விட்டது. அதற்காக முழுக் கட்டையையும் மாற்ற வேண்டாம். கெட்ட பகுதியை நல்ல மரம் வரும்வரை வெட்டி, இருபக்கமும் இரும்புப் பட்டை அல்லது சானல் வைத்துப் போல்ட் போட்டு முனையை நீட்டலாம். சானல் உட்காரும் இடத்தில் சுவருக்குள் ஒரு கல் தாங்கி வேண்டும். மரமாகவே வேண்டும் என்றால் பழைய தேக்கில், சாய்வு வெட்டு இணைப்பு. வெட்டின் நீளம் கட்டை உயரத்தைப் போல் நாலு மடங்காவது இருக்கட்டும். திரும்பச் சுவரில் வைக்கும்போது முனையைச் சுற்றி அரை அங்குலம் காற்று இடம் விடுங்கள், சாந்து போட்டு அடைக்காதீர்கள். முனை அழுகியதற்கே அந்த அடைப்புதான் காரணமாக இருக்கும்.

கரையானுக்கு இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதம், லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கு ஒரு துளை, 12 மி.மீ., துளைக்கு ஒரு லிட்டர் வரை. கிணற்றுப் பக்கத்தில் இதைச் செய்யக் கூடாது. அங்கே மரத்துக்கு மட்டும் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல்.

கதவு, நிலைகளில் பச்சை எனாமல் அடித்திருப்பார்கள். பழைய எனாமலில் ஈயம் உண்டு. அனல்துப்பாக்கி வைத்துச் சுட்டால் அந்தப் புகை ஆளுக்கு ஆபத்து. நனைத்து, முகக்கவசத்தோடு சுரண்டுங்கள். காஸ்டிக் சோடாவில் முக்குவது வேகமான வேலைதான், ஆனால் தேக்கு கறுத்துவிடும், கூடுவாய் (மர இணைப்பு) தளரும். பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெயும் டர்பண்டைனும் சமபங்கு, மூன்று கை, கைக்குக் கை இரண்டு நாள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் வாளியில் போட்டு வையுங்கள்.

அரசலாற்றங்கரை:

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஐந்து அறை என்றே வைத்துக்கொள்கிறோம். மேலும் சில சந்தேகம். தண்ணீர் தொட்டியும் சூரிய வெந்நீர் கலனும் மாடியில் வைக்கலாமா? ஓடு முழுக்க மாற்ற வேண்டுமா, சீமை ஓடு (மங்களூர் ஓடு) போடலாமா? மனை சிவன் கோவிலுக்குச் சொந்தமானது, அடிமனை வாடகை கட்டி வருகிறோம். கட்டடம் மட்டும் எங்களுடையது. உரிமம் வாங்குவதில் இது இடிக்குமா?

கொல்லைவடிகால்:

மாடியில் எதையும் வைக்காதீர்கள். 2,000 லிட்டர் தொட்டி என்றால் 2 டன். கொல்லையில் தனி இரும்புக் கோபுரம் எழுப்பி தொட்டி, அதன் கீழ்த்தட்டில் வெந்நீர் கலன். மின்சாரத்துக்கும் அது நல்லது. ஐந்து ஏசி 7.5 கிலோவாட், ஐந்து கீசர் 10, சமையல்கட்டும் மோட்டாரும் விளக்கும் 4 என்றால் 21.5 கிலோவாட் ஆகிவிடுகிறது. கீசரை எடுத்துவிட்டால் பாதி. எப்படியும் மும்முனை இணைப்பும் வணிகக் கட்டணமும்தான். வயர் இழுக்கச் சுண்ணாம்புச் சுவரைக் காடி வெட்டாமல், சுவரின் மேலோடும் மூடி போட்ட மரச்சட்டத்துக்குள் விடுங்கள். வீட்டுக்கும் அதுதான் பொருத்தம். ஒவ்வோர் அறைக்கும் 30 மில்லியாம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் கட்டாயம். ஏசி வெளிப்பெட்டியைச் சுவரில் மாட்டாமல் கொல்லையில் தரைமேடையில் வையுங்கள். அதன் தண்ணீர்க் குழாய் சுவரில் சொட்டக் கூடாது. ஒரு சுவர் முழுக்க உப்பு பூக்க ஒரு ஏசி சொட்டினால் போதும்.

சுண்ணாம்புச்சாந்து:

நாட்டு ஓட்டை மாற்ற வேண்டாம். பிரித்து, உடைந்ததைக் கழித்து, திரும்ப அடுக்குங்கள். நாலில் ஒரு பங்கு உடைசல் போகும் என்று வைத்துப் புது ஓடு சூளையில் சொல்லுங்கள். புதிதை அடி அடுக்கிலும் பழையதை மேலடுக்கிலும் வைத்தால் நிறம் ஒட்டும். சீமை ஓடு சரிவும் ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) இடைவெளியும் வேறு கேட்கும். அதற்காகக் கைமரத்தையே மாற்ற வேண்டிவரும். மித்தத்தின் நாலு மூலையிலும் கூரை சேரும் பள்ளத்தில்தான் ஒழுக்கு தொடங்கும். பழைய தகரத்தை எடுத்துவிட்டு, 18 அங்குல அகலத்தில் செம்புத் தகடோ கனமான ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடோ போடுங்கள். கோவில் ஊர் என்றால் குரங்கு ஓட்டைக் கலைக்கும். வருஷம் ஒரு முறை, புரட்டாசியில், ஓடு சரிபார்க்கும் செலவைக் கணக்கில் எழுதி வையுங்கள்.

கூடத்தில் என்ன தரை இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. சிவப்புக் காவித் தரை என்றால் வெடிப்புக்காக ஒட்டுப்போடாதீர்கள், நிறம் சேராது. ஓர் அறையை முழுதாக விடுங்கள் அல்லது முழுதாகப் போடுங்கள். புதிதாகப் போட்டால் 50 கிலோ சிமெண்டுக்கு 4 கிலோ காவிக்கு மேல் வேண்டாம். விட்ரிஃபைடு டைல் மட்டும் வேண்டவே வேண்டாம். தரை வழியாக வந்துகொண்டிருந்த ஈரம் முழுக்கச் சுவருக்குத் திரும்பும்.

நாகைக்கோப்பு:

காகித வேலையைத் தச்சருக்கு முன்னால் முடியுங்கள்.

அடிமனை இடிக்காது, ஆனால் சும்மாவும் விடாது. வாடகை ரசீது யார் பெயரில் இருக்கிறது? இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தால் முதலில் வாரிசுப் பெயருக்கு மாற்றுங்கள். குடியிருப்பு வாடகை வணிக வாடகை ஆகும், நியாய வாடகை திரும்ப நிர்ணயிப்பார்கள். அதைத் திட்டச் செலவில் சேருங்கள். கோவில் நிலத்தை ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட 1959-ம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி ஆணையரின் அனுமதி வேண்டும். வங்கிக்காரர் கடனுக்கு நீண்ட குத்தகைப் பத்திரம்தான் கேட்பார். இதற்கே ஒரு வருஷம் போகலாம். கட்டடத்தில் பங்கு உள்ள எல்லாரும், வெளியூரில் இருக்கும் பெண்மக்கள் உட்பட, கையெழுத்துப் போட்ட பதிவு ஆவணம் ஒன்று இருக்கட்டும்.

கோவில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். மத்தியத் துறையின் பாதுகாப்பில் இருந்தால், எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கடுத்த 200 மீட்டரிலும் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. கொல்லையில் சொன்ன இரும்புக் கோபுரமும் புதுக் கட்டுமானம்தான், மறக்க வேண்டாம்.

மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் பாரம்பரிய விடுதி வகைப்பாட்டில் அடிப்படைத் தரத்துக்கு 1950-க்கு முன் கட்டிய வீடும் குறைந்தது ஐந்து அறையும் போதும். உயர்ந்த தரங்களுக்கு 1935-க்கு முன் கட்டியதாகவும் 15 அறை உள்ளதாகவும் இருக்க வேண்டும். ஐந்து அறை என்று முடிவு செய்தது இதற்கும் பொருந்துகிறது. முகப்பை மாற்றினால் வகைப்பாடு கிடைக்காது. குடும்பத்தில் ஒருவர் அங்கேயே குடியிருப்பதாக இருந்தால், ஆறு அறை வரை அனுமதிக்கும் 'பெட் அண்டு பிரேக்ஃபாஸ்ட்' திட்டம் இன்னும் எளிது.

1912 என்பதற்கு ஆதாரம் தேடி வையுங்கள்: கிரயப் பத்திரம், பாகப் பிரிவினை, பழைய வீட்டு வரி ரசீது. ஓட்டில் பொறித்த ஆண்டை நம்ப வேண்டாம். பேசல் மிஷன் ஓட்டில் 1865 என்று இருக்கும். அது மங்களூர் ஆலை தொடங்கிய ஆண்டு, கூரை வேய்ந்த ஆண்டு அல்ல.

மற்றபடி தாசில்தார் அலுவலகம் வழியாகப் பொதுக் கட்டடத்துக்கான 'டி' படிவ உரிமம். அதற்குக் கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று எல்லாம் கேட்பார்கள். மரத்தளம், ஒரே மாடிப்படி என்பதால் தீயணைப்பில் இரண்டாவது வெளிவழி கேட்க வாய்ப்புண்டு; மாடியில் விருந்தினர் படுக்காமல், வாசிப்பறையாக வைத்தால் சிக்கல் குறையும். சாப்பாட்டுக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும்; 'சி படிவம்' என்றே எல்லாரும் சொல்வார்கள்.

அரசலாற்றங்கரை:

மாடி வாசிப்பறை என்பது மிக நல்ல யோசனை. கடைசியாக ஒன்று: எந்த மாதம் தொடங்குவது?

சுண்ணாம்புச்சாந்து:

மேட்டூர் அணை பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுகிறது. உங்கள் வேலை நாட்காட்டி அதுதான். இந்த ஐப்பசி, கார்த்திகையில் ஒழுக்கையும் ஓதத்தையும் பார்த்துச் சுவரிலேயே சாக்கட்டியால் குறியுங்கள். வெடிப்புகளின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டித் தேதி எழுதுங்கள், கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது. சம்பா அறுப்பு முடிந்தால்தான் ஆளும் கிடைக்கும். தை கடைசியில் வடிகாலும் சிமெண்ட் உரிப்பும், மாசியில் கட்டை, பங்குனி சித்திரையில் தளம் அடிப்பு. வைகாசி முடிவதற்குள் தட்டோடு பதித்துவிட வேண்டும். ஓடு பிரிப்பதைச் சித்திரையில் வைத்தாலும் கோடைமழைக்குத் தார்ப்பாய் கையில் இருக்கட்டும். சுவர்ப் பூச்சு இந்த வருஷம் கிடையாது. உரித்த சுவர் ஒரு கோடை காய வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, அது அடுத்த தைக்குத்தான்.

சுண்ணாம்புக் குழியை மட்டும் இந்தக் கார்த்திகையிலேயே வெட்டி நீற்றிப் போடுங்கள். மேலே எப்போதும் நாலு விரல் தண்ணீர் நிற்க வேண்டும், குழந்தைகள் வராதபடி வேலி வேண்டும். பங்குனியில் தளத்துச் சாந்துக்குத் திறக்கும்போது கரண்டியில் வெண்ணெய் மாதிரி வரும்.